அந்த வாட் எங்கே அளந்தது?

வாசகர் கேள்வி: மின்சாரம் பற்றிப் படித்ததில்லை, ஆனாலும் வீட்டுச் சாமான்களின் கணக்கை நானே பார்த்துக்கொள்வது வழக்கம். பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து ஒரே குழப்பம். அரை ஹெச்.பி. மோட்டாரில் 0.37 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. மீட்டரோ ஒரு மணி நேரத்துக்கு 540 வாட் என்கிறது. அதே மீட்டர் 230 வோல்ட், 3.6 ஆம்பியர் என்றும் காட்டுகிறது. பெருக்கினால் 828 வருகிறது. எது சரி? 1000 என்று எழுதிய யூ.பி.எஸ்.ஸில் 800 வாட் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் உடனே நின்றுவிடுகிறது. 400 வாட் சோலார் பேனல் உச்சிவெயிலில்கூட 290-ஐத் தாண்டுவதில்லை. 2000 வாட் ஸ்பீக்கர் என்று வாங்கினால் அதோடு வந்த அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். வாட் என்பது ஒரே அளவுதானே? பொருளுக்குப் பொருள் அர்த்தம் மாறுமா, இல்லை எல்லாரும் ஏமாற்றுகிறார்களா? அந்த மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டரும் சரியாகவே காட்டுகிறது. 370, 540, 828 மூன்றும் அதே மோட்டாரைப் பற்றிய உண்மையான எண்கள். மூன்றும் வெவ்வேறு இடத்தைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான்.

வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல்; ஜூல் என்பது ஆற்றலின் அலகு. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. எந்தச் சாமானிலும் இது மாறாது. மாறுவது வேறு. அந்த எண்ணை எந்த இடத்தில் அளந்தார்கள்? கம்பி வழியாக உள்ளே போகும் இடத்திலா, வேலையாக வெளியே வரும் இடத்திலா? எந்த நிலையில் அளந்தார்கள்? எவ்வளவு நேரம் தாங்கக்கூடிய எண் அது? ஸ்டிக்கரில் சதுர அங்குலம்தான் இடம். அதில் ‘800 வாட்’ என்று மட்டும் இருக்கும். இந்த மூன்று கேள்விக்கும் பதில் அதில் இருக்காது. தொழிலில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சாமானிலும் எது வழக்கம் என்று பழகிப்போயிருக்கும். வாங்குகிறவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு உள்ள வருத்தம்.

எண்களுக்குள் போவதற்கு முன் கடிதத்தில் இருக்கும் ஒரு சொற்றொடரைத் திருத்திவிடலாம். ‘ஒரு மணி நேரத்துக்கு 540 வாட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள், செய்திகளிலும் வருகிறது. ஆனால் வாட்டுக்குள்ளேயே ‘ஒரு விநாடிக்கு’ என்பது அடங்கியிருக்கிறது. அது வண்டியின் வேகம் மாதிரி. ஓடிய தூரம் அல்ல. மோட்டார் ஒரு நிமிடம் ஓடினாலும் 540 வாட்தான், ஒரு மணி நேரம் ஓடினாலும் 540 வாட்தான். ஒரு மணி நேரம் ஓடி முடித்தபின் அது தின்ற மின்சாரம் 540 வாட்-மணி, அதாவது 0.54 கிலோவாட்-மணி. நாம் யூனிட் என்று சொல்வது இந்தக் கிலோவாட்-மணியைத்தான். ஒரு யூனிட்டை ஜூலில் சொன்னால் 36 லட்சம். வீட்டு மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் எண் இது. கிலோவாட்டையும் கிலோவாட்-மணியையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேட்டரி வாங்கப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும், அதனால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

சரி, மோட்டாருக்கு வருவோம்.

அதன் நேம் பிளேட்டில் இருக்கும் 0.37 கிலோவாட், மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன். மின்சாரமாக உள்ளே போவது அல்ல. சுழலும் தண்டு பம்பையோ அரவை எந்திரத்தையோ திருப்புவதற்குக் கொடுக்கும் வேலை அது. மோட்டார்களுக்கு உலகம் முழுக்க இதுவே முறை; சர்வதேசத் தர விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. உள்ளே போவதில் ஒரு பங்கு செம்புக் கம்பியைச் சூடாக்குகிறது, ஒரு பங்கு இரும்புத் தகடுகளில் போகிறது, கொஞ்சம் பேரிங்கிலும் உள்விசிறியிலும் போகிறது. அரை ஹெச்.பி. அளவிலான சிறிய ஒரு ஃபேஸ் மோட்டாரில் நூற்றுக்கு எழுபது தண்டுக்கு வந்தாலே நன்று. 370-ஐ 540-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.685. முழு லோடில் ஓடும் அந்த வகை மோட்டாருக்கு இது எதிர்பார்க்கக்கூடிய கணக்குத்தான். பெரிய மூன்று ஃபேஸ் மோட்டார்களில் இது தொண்ணூறைத் தாண்டும். சிறியதில் அவ்வளவு கிடைக்காது.

தண்டை வைத்து அளக்கும் வழக்கம் மின்சாரத்தைவிடப் பழையது. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்றபோது வாங்குகிறவர்கள் கேட்டது, இது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதைத்தான். நிலக்கரி எவ்வளவு எரியும் என்பது தனிக் கணக்கு. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் வைத்த அளவுதான் இன்றைய ஹெச்.பி.; வாட்டில் சொன்னால் 746-க்கு ஒரு துளி குறைவு. அதில் பாதி 373, அதுதான் உங்கள் நேம் பிளேட்டில் 0.37 ஆனது. அவர் பெயரை மின்திறனின் அலகுக்கு வைக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1882-இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைமையுரையில் முன்மொழிந்தார். நீராவி எந்திரமும் மின்சாரமும் ஒரே அலகுக்குள் வந்தது மனித அறிவுக்குப் பெரிய வசதி. ஆனால் எந்தப் பக்கத்தில் அளப்பது என்பது அந்தந்தத் தொழிலின் பழக்கத்துக்கே விடப்பட்டது. உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி 828. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் யூ.பி.எஸ். பிரச்சினையின் பாதி இதில் அடங்கியிருக்கிறது.

மாறுமின்னோட்டத்தில் வோல்டேஜ் நிலையாக நிற்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் லைனில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு சுற்று என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் வோல்டேஜ் ஏறும்போதே கரண்டும் ஏறும், இறங்கும்போது கூடவே இறங்கும். அங்கே வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடும். மோட்டாரில் அப்படி இல்லை. அதன் சுருள்கள் காந்தப்புலத்தை உண்டாக்க ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை வாங்குகின்றன, புலம் தணியும்போது அதைத் திருப்பி லைனுக்கே தள்ளுகின்றன. அதனால் கரண்டு பின்தங்குகிறது. 540-ஐ 828-ஆல் வகுத்தால் 0.65. இதைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறோம். நேரக் கணக்கில் சொன்னால், உங்கள் மோட்டாரில் வோல்டேஜ் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 2.7 மில்லிவிநாடி கழித்துத்தான் கரண்டு உச்சிக்கு வருகிறது. அந்த இடைவெளியில் சில கணம் ஆற்றல் மோட்டாரிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. போனதும் வந்ததும் போக, உண்மையில் மோட்டாரில் தங்கிச் செலவானதன் சராசரிதான் 540 வாட். உங்கள் சின்ன மீட்டர் ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுத்துத்தான் அந்த எண்ணைக் காட்டுகிறது. அதை நம்பலாம்.

அப்படியானால் 828 வெறும் காகித எண்ணா? இல்லை. கம்பியில் ஓடுவது உண்மையாகவே 3.6 ஆம்பியர். வந்துபோகும் கரண்டும் கம்பியைச் சூடாக்கும். சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எல்லாம் அதைத் தாங்கியாக வேண்டும். இந்தச் சுமையை வாட்டிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அதற்கு வோல்ட்-ஆம்பியர், சுருக்கமாக வி.ஏ., என்று வேறு அலகு வைத்தார்கள். வீட்டு மீட்டர் பொதுவாக வாட்-மணியை மட்டுமே எண்ணும், வி.ஏ.வை எண்ணாது. தொழிற்சாலைகளுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. வந்துபோகும் ஆற்றலை அங்கேயே தேக்கிக் கொடுக்கும் கெப்பாசிட்டர் பேனல் வைத்து அவர்கள் பவர் ஃபேக்டரைச் சரிசெய்துகொள்வதற்கு அதுவே காரணம்.

உங்கள் யூ.பி.எஸ்.ஸில் உள்ள 1000 எந்த அலகு என்று பாருங்கள். அநேகமாக வி.ஏ. என்றுதான் இருக்கும். அதற்குப் பக்கத்திலோ பின்பக்க ஸ்டிக்கரிலோ வாட் எண் தனியாக இருக்கும். வீட்டு உபயோக யூ.பி.எஸ். பலவற்றில் 1000 வி.ஏ. என்றால் 600 வாட்தான். பெரிய எண்ணை முன்னால் போட்டு, சிறிய எண்ணைப் பின்னால் ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

மைக்ரோவேவ் அடுப்பில் கதை எதிர்ப்பக்கம். அதில் 800 வாட் என்பது உள்ளே வைத்த பொருளுக்குச் சேரும் திறன், மோட்டாரின் தண்டுத் திறன் மாதிரி. தர விதியில் இதை அளக்கும் விதமே அழகானது: ஒரு கிலோ தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏற்ற எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். அதற்குச் சுமார் 42,000 ஜூல் வேண்டும். 800 வாட் அடுப்பு என்றால் 52 விநாடியில் முடிந்துவிடும். நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து, ஒரு நிமிடம் முழுச் சக்தியில் ஓட்டி, கலக்கி மறுபடி அளந்தால் 11 டிகிரிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஏறியிருக்கும். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த 800-ஐ உண்டாக்க, மைக்ரோவேவ் அலையைப் பிறப்பிக்கும் மேக்னெட்ரான், டிரான்ஸ்ஃபார்மர், விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து பிளக்கிலிருந்து 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். அடுப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், உள்ளீடு என்று தனியாக ஒரு எண் இருக்கும். ஆக, 600 வாட் தாங்கும் யூ.பி.எஸ்.ஸில் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றியிருக்கிறீர்கள். அது நின்றது பழுது அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து இது உங்களைக் குழப்பும். ஏ.சி. எந்திரத்தில் இரண்டு கிலோவாட் எண்கள் இருக்கும்: குளிரூட்டும் திறன் 3.5 கிலோவாட், மின் உள்ளீடு சுமார் 1 கிலோவாட். உள்ளே போவதைவிட வெளியே வருவது மூன்று மடங்கு! ஆற்றல் அழியாமை விதியே தவறிவிட்டதா என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. ஏ.சி. குளிரை உற்பத்தி செய்யவில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. 3.5 கிலோவாட் என்பது விநாடிக்கு 3,500 ஜூல் வெப்பம் அறையைவிட்டுப் போகும் வேகம். 1 கிலோவாட் என்பது அந்த இடமாற்றத்துக்கு ஆகும் மின்சாரம். வெளியே இருக்கும் பெட்டி இரண்டையும் சேர்த்து 4.5 கிலோவாட் வெப்பத்தை ஊதித் தள்ளும், கணக்கு நேராகிவிடும். ஒரு டன் ஏ.சி. என்பதும் இதே 3.5 கிலோவாட்தான்; ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ அந்த வேகம். வாட் மின்சாரத்துக்கு மட்டும் சொந்தமில்லை, வெப்பத்துக்கும் அதுவே அலகு. அணுமின் நிலையத்தில்கூட இந்த இரட்டை எண் உண்டு. உலை சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கினால் மின்சாரமாக வருவது ஏறத்தாழ 1,000 மெகாவாட். எந்த மெகாவாட் என்று சொல்லாமல் இரண்டு நிலையங்களை ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல.

சோலார் பேனல். 400 வாட் என்று எழுதியதில் பொய் இல்லை, ஆனால் உங்கள் கூரையைப் பற்றிய எண் அல்ல அது. சோதனைக்கூடத்தில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது கிடைத்த உச்சம். உச்ச வாட் என்று சொல்வது இதனால்தான். உச்சிவெயிலில் கூரைமேல் இருக்கும் கறுப்புப் பேனல் 25 டிகிரியில் எங்கே இருக்கும்? தொட்டுப் பார்த்தால் கை சுடும். 60 டிகிரி சாதாரணம். சிலிக்கான் செல் சூடாக ஆக வோல்டேஜை இழக்கும், டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் வீதம் திறன் குறையும். 35 டிகிரி கூடினால் 12 சதவீதம் போச்சு. வானம் தெளிவாகத் தெரிந்தாலும் அன்றைக்கு ஒளி சதுர மீட்டருக்கு 900 வாட்டாக இருந்தால் 400 முதலில் 360 ஆகும். அதில் 12 சதவீதம் போக 316. கண்ணாடிமேல் தூசி, கம்பி இழப்பு, கன்ட்ரோலர் இழப்பு சேர்ந்து இன்னும் ஒரு 8 சதவீதம் என்று வைத்தால் 290. நீங்கள் பார்த்த அதே எண். காற்று நன்றாக வீசும் குளிர்ந்த, பளிச்சென்ற ஒரு நாளில் மறுபடி பாருங்கள், கண்டிப்பாகக் கூடும். வெப்பம் கூடக்கூடப் பேனலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. அதற்கு வேண்டியது ஒளி, சூடு அதன் எதிரி. பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட இடம் விட்டுப் பொருத்தியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு இவற்றிலெல்லாம் எழுதியிருப்பது உள்ளீடு. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. 230 வோல்டில் 1,000 வாட் என்று போட்ட ஹீட்டர் 200 வோல்டில் ஏறத்தாழ 756 வாட்தான் எடுக்கும், ஏனென்றால் வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் கூடவே குறைகிறது. எல்.இ.டி. பல்பில் ‘9 வாட்’ உண்மையான உள்ளீடு. அருகில் ‘60 வாட்டுக்குச் சமம்’ என்று இருந்தால் அது பழைய குண்டு பல்பின் நினைவு. இனி பல்பு வாங்கும்போது வெளிச்சத்தின் அலகான லூமென் பாருங்கள், 800 லூமென் என்றால் பழைய 60 வாட் வெளிச்சம்.

சார்ஜர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை இவற்றில் எழுதியிருப்பது இன்னொரு வகை: கேட்டால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. 65 வாட் சார்ஜரை 18 வாட் மட்டுமே எடுக்கும் போனில் செருகினால் போன் எரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எவ்வளவு எடுப்பது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது. 650 வாட் பவர் சப்ளை வைத்த கம்ப்யூட்டரில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் மீட்டர் 60, 70 வாட் காட்டலாம், அது குறையல்ல.

இனி ஸ்பீக்கர். நீங்கள் ஏமாற்றுகிறார்களா என்று கேட்டதற்கு, இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆமாம் என்று சொல்வேன்.

12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தொடர்ந்து தரக்கூடியது 24 வாட். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தனக்கு வந்ததைவிட அதிகமாகத் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை. இழப்பு போக 18, 20 வாட் ஸ்பீக்கருக்குப் போனால் பெரிது. அப்புறம் 2000 எங்கிருந்து வந்தது? பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். கெப்பாசிட்டரில் தேங்கிய ஆற்றலை நொடியின் ஒரு சிறு துணுக்கில் கொட்டினால் எவ்வளவு, எல்லா சேனலையும் கூட்டினால் எவ்வளவு, ஒலி எவ்வளவு சிதைந்தாலும் பரவாயில்லை என்றால் எவ்வளவு என்று ஏற்றிக்கொண்டே போன எண் அது. இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தர விதியும் கிடையாது. விதி இல்லாத அளவு அளவே அல்ல என்பது என் கட்சி. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-லேயே, ஆம்ப்ளிஃபயரின் வாட்டைச் சொன்னால் எத்தனை ஓம் லோடில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு சிதைவோடு என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அந்த மூன்று விவரமும் கூட இருந்தால் நம்புங்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் வாட் பொதுவாகத் தொடர்ச்சியான சராசரித் திறனைக் குறிக்கும், அதை வைத்து ஒப்பிடலாம்.

ஆனால் வாட்டை வைத்துச் சத்தத்தை அளக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். 84 டெசிபெல் ஸ்பீக்கரை 40 வாட்டில் ஓட்டுவதும், 90 டெசிபெல் ஸ்பீக்கரை 10 வாட்டில் ஓட்டுவதும் ஒரே சத்தம். உங்கள் அறைக்கு 20 வாட் போதும் என்றால் அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, பெட்டியில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, யூ.பி.எஸ்.ஸில் எதைப் போடலாம் என்பது. அதற்கு இரண்டு எல்லை: 600 வாட், 1000 வி.ஏ. எது முதலில் நிரம்புகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். உங்களிடம் மீட்டர் இருப்பதால் வேலை சுலபம். விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர், ரூட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருகி, காட்டும் வாட்டை ஒரு பக்கமும் வோல்ட்-ஆம்பியர் பெருக்கலை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் கூட்டி, எல்லையில் நூற்றுக்கு எண்பதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வாட் சொல்லாது, பேட்டரிதான் சொல்லும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. 300 வாட் லோடுக்கு 6 மணி நேரம். நடப்பில் அவ்வளவு வராது. லெட்-ஆசிட் பேட்டரியின் அந்த எண், 10 அல்லது 20 மணி நேரம் மெதுவாக வடித்து அளந்தது. வேகமாக இழுத்தால் கிடைப்பது குறையும், இன்வெர்ட்டரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். முழுக்க வடித்தால் பேட்டரியின் ஆயுளும் கெடும். 3 மணி நேரத்தை நம்பித் திட்டமிடுங்கள்.

மோட்டார் 540 வாட், 828 வி.ஏ.; இரண்டு எல்லைக்குள்ளும் இருக்கிறதே, போடலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதாவது 18 ஆம்பியருக்கு மேல். அரை நொடிதான் என்றாலும் 4,000 வி.ஏ.வைத் தாண்டிவிடும். மீட்டரின் எண் மெதுவாக மாறுவதால் அந்தப் பாய்ச்சல் உங்கள் கண்ணில் படாது, யூ.பி.எஸ்.ஸின் டிரான்சிஸ்டருக்கு மட்டும் தெரியும். மின்தடையின்போதும் மோட்டார் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், தொடக்கக் கரண்டைத் தாங்குவதாக எழுத்தில் சொல்லும், லைன் மின்சாரம் மாதிரியே சீராக ஏறி இறங்கும் சைன் அலை தரும் பெரிய இன்வெர்ட்டர் ஒன்றை அதற்கென்று தனியாக வையுங்கள். விற்பவரிடம் மோட்டாரின் நேம் பிளேட்டை அப்படியே படம் எடுத்துக் காட்டுங்கள்.